சைரனும் மூன்று சதிகாரர்களும்

சைரனுக்கு அறுபத்து மூன்று வயது. வயதைக் கேட்டால் மறைக்கமாட்டாள். "இன்னுமா பாடுறீங்க?" என்று கேட்டால்தான் முகம் மாறும். அந்த ‘இன்னுமா’வைச் சொன்னவர் பெரிய மனுஷராக இருந்தாலும் சரி, நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி, அன்றோடு அவரைக் கழித்துக் கட்டிவிடுவாள். அப்படிக் கழிக்கப்பட்டவர்கள் ஒரு சிறிய மண்டபத்தை நிரப்புகிற அளவுக்கு இருப்பார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய டிரைவிங் லைசென்சில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. ‘தள்ளடா’ என்று ஒரு ராக் பாட்டு. அதன் கடைசியில் வரும் ‘டா’வைப் பிடித்து, உச்சிக்கு ஏற்றி, அங்கேயே நிறுத்திவைப்பாள். முதன்முதலில் அதைக் கேட்ட கூட்டத்தில் ஒருவன் தீயணைப்பு வண்டி வருகிறது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டானாம். அன்றிலிருந்து சைரன். அவன் உண்மையிலேயே ஒதுங்கினானா என்று யாரும் விசாரிக்கவில்லை. இந்த மாதிரிக் கதையை விசாரிக்கப் போகிறவனைப் போல ரசனை கெட்டவன் கிடையாது.

பாட்டு பிறந்தது ஒரு ஓட்டை வேனில். கச்சேரிக்குப் போகிற வழியில், ஒரு மேட்டில், வண்டி நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் சைரன். இறங்கித் தள்ளியது மூன்று பேர்: கிதார் வாசிக்கும் அவள் தம்பி, டிரம்ஸ் அடிக்கும் பல் டாக்டர், பேஸ் கிதார் வாசிக்கும் நெட்டை. தள்ளுவதும் மூச்சு வாங்க நிற்பதுமாக அவர்கள் இழுத்தடிக்க, ஜன்னல் வழியே தலையை நீட்டி அவள் போட்ட கத்தலில்தான் முதல் வரி இருந்தது. மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மெட்டும் அமைந்துவிட்டது. வேன் கடைசிவரை கிளம்பவில்லை, பாட்டு கிளம்பிவிட்டது. ஒரு காலத்தில் அது கொடிகட்டிப் பறந்தது.

காலம் ஓடியது. தம்பி லிஃப்ட் மெக்கானிக் ஆனான். பல் டாக்டர் பல் டாக்டராகவே இருந்தார். நெட்டைதான் பெரிய ஆளாகிவிட்டார், அதாவது சம்பந்தியாகிவிட்டார். அவருடைய மகனும் சைரனின் மகளும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதுவரை "டேய் நெட்டை, தாளத்தை விட்டுட்டியேடா" என்று விரட்டிக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து "சம்பந்தி, நீங்க கொஞ்சம் முன்னால ஓடுற மாதிரி இருக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. "மன்னிக்கணும் சம்பந்தியம்மா" என்பார் அவர். உலகத்திலேயே வாங்க போங்க போட்டுச் சண்டை பிடிக்கும் ராக் குழு அநேகமாக இது ஒன்றுதான்.

சைரன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பின்னால் ஒரு ஷெட் உண்டு. பயிற்சிக் கார் வெளியே போனால் டிரம்ஸ் உள்ளே வரும். ஷட்டரின் உட்பக்கம் பழைய மெத்தைகளைக் கட்டியிருக்கிறார்கள், அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போகாமலிருக்க. சுவரில் சாலை விதிகளின் படங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ‘ஒலி எழுப்பாதே’ என்ற படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பல் டாக்டர் டிரம்ஸை வெளுத்து வாங்குவார். சைரனின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் போன பிறகு கேட்க ஆளில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

‘தள்ளடா’வை மட்டும் அவர்கள் தொடுவதில்லை. எப்போதிருந்து, ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் நீலமுடிக்காரி ஃபோன் செய்தாள். ராக் பாடுகிற சின்னப் பெண். தலைமுடிக்கு நீலச் சாயம் பூசியிருந்ததால் வீடியோவில் பார்த்ததுமே சைரன் அந்தப் பெயரை வைத்துவிட்டாள். நகர மண்டபத்தில் ஒரு மாலை முழுக்க ராக் குழுக்கள் பாடப்போகின்றன, எல்லாம் இளவட்டங்கள். கடைசிக் குழுவாக நீங்கள் வரவேண்டும் என்றாள்.

"அம்மா, உங்க ‘தள்ளடா’வை எங்க ஆளுங்க எல்லாரும் கேட்டுட்டாங்க. கடைசியில வர்ற அந்த இடம்... அதை நேர்ல கேட்கணும்னு துடிக்கிறாங்க. நீங்க வருவீங்கதானே?"

"வராம?" என்றாள் சைரன்.

ஃபோனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசி இடத்தைப் பாடி எத்தனை வருஷமாயிற்று என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அந்த ஞாயிறே பாடிப் பார்த்தார்கள். தொடக்கம் நன்றாகத்தான் போனது. கடைசி இடம் வந்தது. அங்கே வாத்தியங்கள் மூன்றும் சட்டென்று நின்றுவிடும். அவள் மட்டும் தனியாக மேலே போகவேண்டும். போனாள். பாதி வழியில் குரல் இரண்டாகப் பிளந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. மறுபடி போனாள். மறுபடியும் கீச்சு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எச்சில் தப்பா இறங்கிடுச்சு" என்றாள் சைரன். மூவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அவள் ஷெட்டில் காரின் டயர் அடுக்கில் உட்கார்ந்து அழுதாள். பெயரே அந்த ஒரு சத்தத்தால் வந்தது. அது போய்விட்டால் அப்புறம் தான் யார் என்ற பயம் அவளை உலுக்கியது.

பல் டாக்டர் தன் சிநேகிதரான தொண்டை டாக்டரிடம் அழைத்துப்போனார். அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒரு குறையும் இல்லம்மா. வயசுக்கேத்த மாதிரி குரல் கீழ இறங்கியிருக்கு, அவ்வளவுதான். மேல போகணும்னு முட்டி மோதாதீங்க" என்றார். சைரன் காதில் விழுந்தது ‘ஒரு குறையும் இல்லை’ என்பது மட்டும்தான்.

"பேசாம பாட்டைக் கொஞ்சம் இறக்கிக்கலாமே அக்கா? எல்லாரும் செய்றதுதானே" என்று தம்பி மெல்ல ஆரம்பித்தான். கிதார் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பாட்டு மொத்தமும் ஒரு படி கீழே வந்துவிடும், பாடுகிறவளுக்குச் சிரமம் குறையும். வயதான குழுக்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

"பாட்டை இறக்குறதா? அப்புறம் நான் எதுக்கு? சம்பந்தியே பாடிடலாமே. மேல ஏறினா ஏறுவேன். இல்லன்னா மேடைக்கே வரமாட்டேன்."

அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

காலையில் உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு. குளியலறையில் மூச்சுப் பயிற்சி. கார் ஓட்டக் கற்க வருகிறவர்களிடம் தொண்டை கிழியக் கத்துவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். அவர்களில் இரண்டு பேர், மேடத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய் விசாரித்தார்கள். அடுத்த ஞாயிறு பாடியபோது கீச்சு வந்தது, ஆனால் கொஞ்சம் மேலே போன பிறகு வந்தது. அதற்கடுத்த ஞாயிறு குரல் விளிம்புவரை போய்த் தொட்டது. நாலாவது ஞாயிறு நின்றேவிட்டது! ‘டா’ உச்சியில் ஏறி, ஆடாமல் அசையாமல் நின்றது.

சைரன் குதித்த குதியில் ஸ்டெப்னி டயர் உருண்டு ஓடியது. மூவரும் கைதட்டினார்கள். சம்பந்திக்கு ஏனோ குப்பென்று வியர்த்திருந்தது. பல் டாக்டர் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். தம்பி இப்போதெல்லாம் எல்லோருக்கும் முன்னால் வந்து ஷெட்டைத் திறந்துவைக்கிறான், முன்பு எப்போதும் கடைசியாக வருகிறவன். இதையெல்லாம் அவள் கவனிக்காமலில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு எல்லாமே சந்தோஷமாகத்தான் தெரியும்.

"என் குரல் திரும்பி வந்துருச்சு" என்று ஊரெல்லாம் சொன்னாள். மகளிடம் சொன்னாள். பெட்ரோல் பங்கில் சொன்னாள். அவளிடம் கார் கற்றுக்கொள்ளும் மருந்துக்கடைக்காரம்மாவிடம், இடதுபக்கம் திரும்புகிற நேரத்தில் சொன்னாள். அந்த அம்மா பதற்றத்தில் வலதுபக்கம் திரும்பிவிட்டாள்.

விஷயம் உடைந்தது மகளால். கச்சேரிக்கு ஒரு வாரம் இருந்தது. அம்மாவின் பழைய குரலையும் புதிய குரலையும் சேர்த்து ஒரு சின்ன வீடியோ போடலாம் என்று அவளுக்கு ஆசை. சமையலறையில் ஃபோனில் பழைய பதிவை ஓடவிட்டாள்.

"இதோட சேர்ந்து பாடும்மா."

போன ஞாயிறு பாடிய ஞாபகத்தில் சைரன் தன் பாட்டுக்குத் தொடங்கினாள். பதிவில் இருந்த குரல் ஓரிடத்தில் இருந்தது; இவள் இன்னோரிடத்தில் இருந்தாள். கேட்கச் சகிக்கவில்லை.

"உன் ஃபோன் வேகமா ஓடுது" என்றாள்.

"ஃபோன் எப்படிம்மா வேகமா ஓடும்?"

கேசட் காலத்துப் பாடகர்களுக்கு இப்படி ஒரு புத்தி உண்டு. சுருதி சேரவில்லையென்றால் முதலில் மோட்டாரைத்தான் திட்டுவார்கள். டேப் ரெக்கார்டரின் மோட்டார் வேகமாகச் சுற்றினால் பாட்டு மேலே ஏறிவிடும், மெதுவாகச் சுற்றினால் இறங்கிவிடும். சைரன் அலமாரியிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரை இறக்கித் தூசு தட்டிக் கேசட்டைப் போட்டாள். அதுவும் ஃபோனைப் போலவே மேலே நின்றது. "இதுக்கும் மோட்டார் போச்சு" என்றாள். மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதுவும் அதே உயரம்.

"மூணு மிஷினும் சேர்ந்து உனக்கு எதிரா சதி பண்ணுதாம்மா?" என்று மகள் சிரித்தாள்.

சைரன் சிரிக்கவில்லை. மூணு என்ற வார்த்தை அவளை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஷெட்டுக்குப் போனாள். தம்பியின் கிதார் அங்கேதான் இருந்தது. தடித்த கம்பியைத் தட்டி, ஃபோனில் சுருதி காட்டுகிற ஆப்பைப் பிடித்தாள். முழுதாக ஒரு படி கீழே இருந்தது.

ஞாயிறு மூவரும் வந்தபோது அவள் ஏற்கெனவே உள்ளே, நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிதார் அவள் மடியில் இருந்தது. தம்பிக்கு அதைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு படி இறங்கியிருக்கு. யார் வேலை?"

மூன்று பேரும் திருதிருவென்று விழித்தார்கள். "குளிர் காலத்துல கம்பி தானா தளரும்" என்றார் பல் டாக்டர்.

"யாருக்குக் காது குத்துறீங்க டாக்டர்? எனக்குச் சின்ன வயசுலயே குத்தியாச்சு."

சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சம்பந்தியம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா, இதுல யாருக்கும் கெட்ட எண்ணம்..."

"டேய் நெட்டை! வாயை மூடு!"

கல்யாணத்தன்று மூட்டைகட்டி வைத்த ‘டேய்’ அது. சம்பந்தி பயந்துதான் போனார். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், தொலைந்துபோன ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்ததுபோல அவர் முகம் லேசாக மலர்ந்தது.

தம்பிதான் ஒப்புக்கொண்டான். "நான்தான்க்கா இறக்கினேன். முதல்ல கால் படி, அப்புறம் அரை. உனக்குத் தெரியாம, கொஞ்சம் கொஞ்சமா. இவங்க ரெண்டு பேரும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. அன்னைக்கு நீ உள்ள உட்கார்ந்து அழுதப்ப நான் ஷட்டருக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்தேன். என்னால தாங்க முடியல. அடுத்த வாரம் பாடிட்டு நீ சிரிச்ச. அதைப் பார்த்த பிறகு எந்த வாயால உண்மையைச் சொல்றது?"

"ஊரெல்லாம் போய்ச் சொன்னேனேடா" என்றாள் சைரன். "எங்கிட்ட கார் கத்துக்க வர்றவங்கள விடாம சொன்னேன், என் குரல் திரும்பி வந்துருச்சுன்னு. கீழ இறக்கினதுக்காகக் கோபம் இல்லடா. என்னைச் சின்னக் குழந்தையா நினைச்சு ஏமாத்திட்டீங்க. நான் ஜெயிச்சேன்னு நினைச்சேனே, அது பொய்யா போச்சு. அதைத்தான் தாங்க முடியல."

மடியிலிருந்த கிதாரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"ஏத்துங்க. பழைய இடத்துக்கு."

ஏற்றினார்கள். பாடினாள். கீச்சு. "மறுபடி." கீச்சு. "மறுபடி." ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ பல் டாக்டர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "நான் டாக்டரா சொல்றேன், போதும்" என்றார். அவள் கேட்கவில்லை. குரல் முற்றிலும் கட்டிப்போய் வெறும் காற்று வரும்வரை பாடிவிட்டுத்தான் நிறுத்தினாள். கச்சேரி வருகிற சனிக்கிழமை. நீலமுடிக்காரிக்கு ஃபோன் செய்து வரமுடியாது என்று சொல்லிவிட நினைத்தாள். அதைச் சொல்வதற்கும் குரல் இல்லை.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரம்மாவுக்கு வகுப்பு. அந்த அம்மா ஓட்டுநர் தேர்வில் பலமுறை கோட்டைவிட்டவள். மருந்துச் சீட்டில் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை எல்லாம் படித்துவிடுவாள், பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்பதில்தான் குழப்பம். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னாள் சைரன். வண்டி பின்னால் போனது, நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் போனது. பின்னால் ஒரு மதில். மற்ற நாளாக இருந்தால் "பிரேக்! பிரேக்! பிரேக்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியிருப்பாள். அன்று கத்த முடியவில்லை. கட்டிப்போன தொண்டையிலிருந்து, அடிவயிற்றிலிருந்து, நிதானமாக ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"நிறுத்து."

வண்டி நின்றது. சைரன் தன் பக்கத்துப் பிரேக்கைத் தொடக்கூட இல்லை.

மருந்துக்கடைக்காரம்மா ஸ்டியரிங்கை விடாமல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கத்தும்போதெல்லாம் எனக்குக் கை கால் உதறும், எதை அமுக்குறதுன்னே தெரியாது. இப்ப சொன்னீங்களே... கால் தானா போய் அமுக்கிடுச்சு. யார் பேசினது மேடம் அது? நீங்கதானா?"

சைரனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். ‘தள்ளடா’வின் கடைசி வரியை எடுத்து, வழக்கமாக மேலே போகிற இடத்தில் கீழே போனாள். ஒரு படி, இரண்டு படி, இன்னும் கீழே. இத்தனை வருஷமாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இங்கே இவ்வளவு இடம் இருந்ததா? ‘டா’ கரகரவென்று, கனமாக, அசைக்க முடியாததாக வெளியே வந்தது. கார்க் கதவின் கண்ணாடி கிர்ரென்று அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் சைரன்.

"ரொம்ப" என்றாள் அந்த அம்மா. "ஆனா இன்னொரு தடவை பண்ணுங்களேன்."

அன்று மாலையே மூவரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னாள். தம்பி லிஃப்ட் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். பல் டாக்டர் யாரையோ பாதிப் பல்லோடு உட்காரவைத்துவிட்டு வந்திருக்க வேண்டும், கையுறையைக் கழற்றவில்லை.

"இறக்குங்க" என்றாள் சைரன்.

"எவ்வளவு?" என்றான் தம்பி சந்தேகத்தோடு.

"நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

ஒரு படி இறக்கினான். அவள் பேசவில்லை. ஒன்றரை. பேசவில்லை. இரண்டு படி வந்ததும் கையைத் தூக்கினாள். கம்பிகள் துணி காயப்போடும் கொடியைப் போலத் தொங்கின. "இதுல எப்படி சம்பந்தியம்மா வாசிக்கிறது?" என்றார் சம்பந்தி. "தடியான கம்பி வாங்கிப் போடுங்க சம்பந்தி" என்றாள். கோபம் ஆறிவிட்டதால் மரியாதை திரும்பியிருந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடியது.

வேகத்தையும் பாதியாக்கினாள். வேன் தள்ளுகிற பாட்டு இப்போது வேனைவிடப் பெரிய எதையோ தள்ளுகிற பாட்டாக மாறியிருந்தது. வாத்தியங்கள் நிற்கும் கடைசி இடத்தில் அவள் மேலே போகாமல் கீழே போனாள். முடிந்ததும் பல் டாக்டர் கையுறையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நன்றாக இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது. அதனால்தான் தம்பிக்குப் பயம் வந்தது.

"அக்கா, ஜனங்க அந்த உச்சத்தைக் கேட்கத்தான் வர்றாங்க. அது இல்லன்னா அங்கேயே சிரிச்சிடுவாங்க. வயசாயிடுச்சு, முடியலன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். இந்தத் தடவை யாரும் எனக்குத் தெரியாம எதையும் இறக்கல. நானா இறக்கினது. சிரிச்சா என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் நீண்ட நடைபாதை. வயர்களைத் தாண்டித் தாண்டி நடக்கவேண்டியிருந்தது. நீலமுடிக்காரி அந்தக் கோடியில் சுவரைப் பார்த்து நின்று தொண்டையைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் ‘தள்ளடா’வின் கடைசி வரியைப் பாடி உச்சிக்குப் போனாள். ஒரு முயற்சியும் இல்லாமல், ஏதோ படியில் தாவி ஏறுகிற மாதிரிப் போனாள். அச்சு அசல் அந்தப் பழைய ‘டா’.

சைரன் அப்படியே நின்றுவிட்டாள். பொறாமை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த உச்சத்தை இனிமேல் அவள் சுமக்க வேண்டியதில்லை. அதற்கு இன்னொரு தொண்டை கிடைத்துவிட்டது. நீலமுடிக்காரி திரும்பிப் பார்த்து, கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சாரிம்மா. உங்க முன்னாடி போய்..."

"நல்லா இருந்தது" என்றாள் சைரன். மனதாரத்தான் சொன்னாள்.

அவர்கள் முறை வந்தது. முன்வரிசையில் மகளும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் முழுக்க சின்ன வயசுக்காரர்கள், நின்றுகொண்டு, "சைரன்! சைரன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாட்டுகள் பாடினாள். மூன்றாவது ‘தள்ளடா’. மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பாட்டைப் போட்டப்ப எனக்கு முப்பது வயசு. அப்ப இருந்த குரல் பதிவுல பத்திரமா இருக்கு, வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கோங்க. இன்னிக்கு வேற ஒரு குரலைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பல் டாக்டர் தொடங்கினார், மெதுவாக, கனமாக. முதல் வரியிலேயே சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ ஒருவன் சிரித்தான். "மேல போ சைரன்!" என்று இன்னொருவன் கத்தினான். அது அவள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஒரு கணம் பழைய பழக்கத்தில் குரல் மேலே திரும்பப் பார்த்தது. அவள் விடவில்லை. இரண்டாவது சுற்றில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் கூட்டம் ஆடுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி இடம் வந்தது. மூவரும் சட்டென்று நிறுத்தினார்கள். மண்டபம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து காத்திருந்தது.

சைரன் கீழே போனாள். எத்தனை வருஷம் கத்திய தொண்டை, எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த தொண்டை, வீட்டுக்காரர் போன அன்று அழுத தொண்டை, எல்லாம் அந்த ‘டா’வில் இருந்தது. அது மேடைப் பலகையில் இறங்கி, முன்வரிசைக்குப் போய், ஆட்களின் கால் வழியாக ஏறியது. மகள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் உச்சியில் நிற்கும்போது சைரன் மூச்சு எப்போது தீருமோ என்று பயந்துகொண்டே நிற்பாள். இங்கே பயமே இல்லை. மூச்சு போதுமான அளவுக்கு இருந்தது. வேண்டிய மட்டும் நின்றுவிட்டு, தானாகவேதான் நிறுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை. போச்சு என்று நினைத்தாள். அப்புறம் மண்டபம் வெடித்தது.

அவள் திரும்பி மூவரையும் பார்த்தாள். தம்பி கிதாரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். பல் டாக்டர் குச்சி ஒன்றைக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டு, மற்றதையும் எறியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வெட்கமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். சைரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதுவும் தன் குரல்தான், இதையும் கண்டுபிடித்தது தானேதான் என்று நினைத்தபோது, முப்பது வயதில் கேட்ட எந்தக் கைதட்டலிலும் இல்லாத பெருமை அவளுக்கு இருந்தது.

மேடைக்குப் பின்னால் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நீலமுடிக்காரி ஓடிவந்தாள். கண் மை கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது.

"அம்மா, நான் திரைக்குப் பின்னால நின்னு கூடவே பாடிப் பார்த்தேன். நீங்க போன இடத்துக்கு எனக்குக் குரலே வரல. வெறும் காத்துதான் வந்துச்சு. அங்க எப்படிப் போறது? என்ன பயிற்சி பண்ணணும்? எதுவா இருந்தாலும் பண்றேன்."

சைரன் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்து நாலு."

"அப்ப அவசரப்படாதே" என்றாள் சைரன். "இன்னும் நாப்பது வருஷம் இருக்கு."

வெளியே இன்னொரு பாட்டு கேட்டுக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மறுபடி மேடைக்குப் போனாள்.